ஷஃபிள்பாட்டம் வம்சத்தைத் தேடி அலைந்த கதை

என் மாமியார் லங்காஷயர்க்காரர். பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் ஷஃபிள்பாட்டம். இங்கிலாந்திலேயே இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பவர்கள் உண்டு. அவருடைய வம்சாவளியை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அரசுப் பதிவு தொடங்கிய 1837 ஜூலை வரை பின்னோக்கிப் போவதில் சிரமமே இல்லை. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையையே பாருங்கள். குழந்தையின் பெயரோடு தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். பழைய அட்டவணையில் அது 1911இலிருந்துதான் வருகிறது.

அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. மாமியார் குடும்பத்தின் ஊர் பெரி. முதலில் போன காப்பகத்தில், “பெரி நகரம் எங்கள் எல்லையில் இல்லை” என்று கையை விரித்தார்கள். 1974இல் எல்லைகளை மாற்றியபோது பெரி, லங்காஷயரை விட்டு கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போய்விட்டது. மாவட்டத்தைப் பிரித்தால் கோப்புகள் படும் பாடு நமக்குத் தெரியாததா!

இரண்டாவது காப்பகத்தில் இருந்த ஊழியர், நான் எழுதிக்கொடுத்த எழுத்துகளை அப்படியே கணினியில் தட்டினார். “இந்தப் பெயரில் யாருமே இல்லை.” ஷிப்பர்பாட்டம் என்றும் தேடிப் பார்க்கச் சொன்னேன். “அது வேறு பெயர், மேடம்” என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வேறு பெயரே அல்ல. பெரிக்கு அருகிலிருந்த ஷிப்பர்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்ததுதான் இந்தக் குடும்பப் பெயர். ஆட்டு ஊற்றுப் பள்ளத்தாக்கு என்பது அதன் பழைய பொருள். அருகிலுள்ள ராம்ஸ்பாட்டம் என்ற ஊர்ப் பெயரில் வரும் ‘பாட்டம்’ என்பதற்கும் பள்ளத்தாக்கு என்றுதான் பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். ஒரே குடும்பத்துக்கு மூன்று விதமான எழுத்து. லங்காஷயர் பதிவேடுகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பெயரின் நடுப்பகுதிக்குப் பதிலாக, எந்த எழுத்தும் வரலாம் என்பதைக் குறிக்கும் நட்சத்திரக் குறியிட்டுத் தேடினேன். வரிசையாக வந்து விழுந்தார்கள்.

கட்டணத் தளங்களில் பிறர் போட்டுவைத்த வம்சாவளிகளை அப்படியே நம்பாதீர்கள். ஒருவர் எங்கள் கிளையையே வெட்டியிருந்தார்: ஜூனில் திருமணம், அதே ஆண்டு பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம், எனவே குழந்தை இவர்களுடையது அல்லவாம்! 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கு மார்ச் 25இல்தான் மாறும். அந்த பிப்ரவரி, திருமணத்துக்குப் பின்னால் வந்தது. மாமியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அப்படியும் எட்டு மாதம்தானே ஆகிறது?” என்றார்.

1841 மக்கள்தொகைக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊரும் கிடைக்காது. 1851க்குப் போய்விடுங்கள்.

காப்பகத்தில் பணம் கட்டிக் கேட்டிருந்த திருமணப் பதிவின் நகல் நேற்று வந்தது. அடுத்த பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள்.