திரும்பி வந்த பிறகு யாரிடம் போவது?

வெளிநாட்டுக்குப் போய் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் குடும்ப டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, போயிட்டு வாங்க. திரும்பி வந்த பிறகு யாரிடம் போவீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விமான டிக்கெட் வரை பார்த்து வைத்திருந்தேன், இது மட்டும் தோன்றவே இல்லை. அந்தப் பதிலைத் தேடி முடிக்க நான்கு மாதம் ஆனது. இந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன்.

அப்போது எனக்கு வயது 44, எடை 117 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 43. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் இரவெல்லாம் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சி-பேப் முகமூடி. முழங்கால் வலிக்குத் தினமும் மாத்திரை. பட்டினி, நடை, ஜிம், மருந்து என்று எல்லாம் பார்த்தாயிற்று. பதினைந்து கிலோ இறங்கும், இரண்டே வருடத்தில் பதினெட்டாகத் திரும்பி வரும். இங்கே காப்பீடு இந்த அறுவை சிகிச்சையை ஏற்கவில்லை. காத்திருப்புப் பட்டியலோ வருடக்கணக்கில் நீண்டது. வெளிநாட்டில் செய்தால் செலவு என் கைக்கு எட்டும் அளவில் இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

முதலில் மாட்டியது ஒரு ஏஜென்ட். நான் செய்தி அனுப்பிப் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. எடை, உயரம், எந்த வாரம் வர வசதி, முன்பணம் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், நெஞ்செரிச்சல் உண்டா, தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் பெயர் கேட்டேன். வந்த பிறகு தெரியும் என்றார்கள். என் தோழி ஒருத்திக்கு பி.எம்.ஐ. 26 தான், வேறு நோயும் இல்லை. சோதித்துப் பார்ப்போமே என்று அவளும் எழுதினாள். அவளுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் யோசிக்க எனக்கு எதுவும் இல்லை. இந்தத் துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட நெறிமுறையில் பி.எம்.ஐ. 35-ம் அதற்கு மேலும் இருந்தால் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம், சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30-லிருந்தே யோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்து. 26-க்குத் தேதி கொடுப்பவர்களிடம் வயிற்றைக் கொடுக்க முடியாது.

அப்புறம்தான் குடும்ப டாக்டரின் கேள்விக்கு வந்தேன். உள்ளூரில் இந்த அறுவை சிகிச்சை தெரிந்த நிபுணர்களைப் பார்க்கப் போனேன். முதல் மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். வேறொருவர் போட்ட தையலுக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்று ஒருவர் நேராகவே சொன்னார். அன்றைக்கு எனக்கு அழுகையாக வந்தது. இப்போது அவர் பக்கத்து நியாயம் புரிகிறது. உள்ளே என்ன செய்தார்கள் என்றே தெரியாத ஒரு நோயாளி நடுராத்திரியில் வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்?

நான்காவதாகப் பார்த்த பெண் டாக்டர் ஒப்புக்கொண்டார், மூன்று நிபந்தனைகளோடு. போவதற்கு முன்பே நான் அவருடைய நோயாளியாகப் பதிவு செய்ய வேண்டும். அறுவை சிகிச்சைக் குறிப்பு முழுதாக, அவருக்குப் புரிகிற மொழியில் வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த இடத்தில் வெட்டினார்கள், குடலை எத்தனை சென்டிமீட்டரில் இணைத்தார்கள், வெட்டிய இடத்தை மூட எந்த ஸ்டேப்ளர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த ஊர் டாக்டரோடு அவர் ஒரு முறையாவது நேரில் பேச வேண்டும், வீடியோவிலாவது.

இந்த மூன்றாவது நிபந்தனை பெரிய உதவியாகிவிட்டது. நான் எழுதி வைத்திருந்த ஐந்து மருத்துவமனைகளில் மூன்று இதைக் கேட்டதுமே பின்வாங்கின. மீதி இரண்டில் ஒன்றில் டாக்டரே வீடியோவில் வந்து முக்கால் மணி நேரம் பேசினார். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவில் யார் பார்ப்பார்கள் என்று எழுதி வைத்துக் கேட்டேன். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கசிவு ஏற்பட்டவர்களின் எண்ணிக்கையைத் தயங்காமல் சொன்னார். எங்களுக்கு அப்படி நடந்ததே இல்லை என்று சொன்ன இன்னொரு மருத்துவமனையைவிட அவர் மேல்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நான் கேட்டது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் போல விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். ஆனால் வீடியோவில் பேசிய அந்த டாக்டர் முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) எடுத்து அனுப்பச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் எனக்கு உணவுக்குழாயின் அடியில் அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் இன்னும் மோசமாகலாம், உங்களுக்கு பைபாஸ்தான் நல்லது என்றார். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்து ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையாக்கி, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதோடு இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், உணவு அந்த வழியாகப் போகாது. இதற்கு ஒரு விலை உண்டு: முழங்காலுக்கு நான் விழுங்கிக்கொண்டிருந்த இபுபுரூஃபன் வகை மாத்திரைகளை இனி தொடவே கூடாது. இணைப்பில் புண் வந்துவிடும். ஏஜென்ட் சொன்ன தேதியில் போயிருந்தால் எண்டோஸ்கோபி இல்லாமலே எனக்கு ஸ்லீவ் நடந்திருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த கடுமையான உணவு. எடைக்காக இல்லை, கல்லீரலுக்காக. கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் சின்னத் துளை வழியாக விடும் லேப்ராஸ்கோப் கருவி உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். சர்க்கரைக்கு நான் சாப்பிட்ட டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தினார்கள். சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து அதில் உண்டாம். சி-பேப் கருவியைக் கைப்பையிலேயே எடுத்துப் போனேன். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட அறுவை சிகிச்சையால் வரும் சிக்கலுக்குப் பணம் தராது என்பதைப் படித்துவிட்டு, அதற்கென்றே தனிக் காப்பீடு எடுத்தேன். துணைக்குத் தங்கை வந்தாள். தனியாகப் போக நினைப்பவர்களிடம் நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூங்கினேன், விழித்தேன். வயிற்றைவிட இடது தோள்தான் வலித்தது; உள்ளே ஊதிய வாயுவின் வேலை என்றார்கள். அன்று மாலையே எழுப்பி நடக்கவிட்டார்கள். மறுநாள் காலை நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். இருமல் மருந்து பாட்டிலின் தலையில் கவிழ்த்திருக்குமே, அந்த மாதிரி, பக்கத்தில் கோடு போட்டது. 30 மில்லி தண்ணீர். கால் மணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும் என்றார். முதல் மடக்கு உள்ளே இறங்குவதை நெஞ்சுக்கு நடுவே உணர்ந்தேன். உதட்டை நனைத்து, காத்திருந்து, மறுபடி நனைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குடித்தேன். கிண்ணம் காலியானபோது வயிறு நிரம்பியிருந்தது. அத்தனை வருடத்தில் வயிறு நிரம்பியது என்று உடம்பு தானாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் டிஸ்சார்ஜ். அங்கேதான் தவறு நடந்தது. மொழிபெயர்ப்பாளர் அன்று விடுமுறை. மருந்துச் சீட்டு அவர்கள் மொழியில் இருந்தது. நர்ஸ் சைகையில் சொன்னதைப் பழைய மாத்திரைகளைத் தொடரலாம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மறுநாள் ஓட்டல் அறையில் விடியற்காலை கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து எழுந்தேன். தங்கை விரலில் குத்திப் பார்த்தாள்: சர்க்கரை 58. "அக்கா, அக்கா" என்று உலுக்கிக்கொண்டே சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். இருபது நிமிடம் கழித்து 84. அந்த இருபது நிமிடத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. பைபாஸுக்குப் பிறகு எடை இறங்கத் தொடங்கும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை நிறுத்தச் சொல்லித்தான் அந்தச் சீட்டில் எழுதியிருந்தது. டாக்டர் ஓட்டலுக்கே வந்து வருத்தம் தெரிவித்தார், சீட்டை வரி வரியாகப் படித்துக் காட்டினார். எத்தனை நல்ல கையாக இருந்தாலும், உங்களுக்குப் புரிகிற மொழியில் மருந்துச் சீட்டு கைக்கு வராமல் மருத்துவமனைப் படியிறங்காதீர்கள்.

பத்து நாள் கழித்துத்தான் விமானம் ஏற விட்டார். கசிவு பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும் என்றார். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நின்றாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். தங்கை காலையும் மாலையும் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக் குறித்து வைத்தாள். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை, காலில் இறுக்கமான காலுறை, மணிக்கு ஒரு முறை நடை. ரத்தக்கட்டியைத் தடுக்கும் ஊசியை வயிற்றில் நானே போட்டுக்கொள்ளப் பழகியிருந்தேன். விமான நிலையத்தில் காட்ட ஊசிக்கென்று டாக்டரிடம் தனிக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன்.

ஊர் திரும்பி மூன்றாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. முதலில் கெட்டியான உணவு, பிறகு கூழ், கடைசியில் தண்ணீர்கூட நிற்கவில்லை. நான்காம் நாள் இரவு கணவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பணியிலிருந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்ததுமே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். என் பையில் ஒரு உறை இருந்தது. உள்ளூர் பெண் டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதமும், அறுவை சிகிச்சைக் குறிப்பும். கடிதத்தின் மேலே பெரிய எழுத்தில்: தொடர் வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி. மூக்குவழிக் குழாயைக் கண்மூடித்தனமாகச் செலுத்த வேண்டாம். என்னை இந்த எண்ணில் அழைக்கவும்.

பல நாள் வாந்தி எடுத்த உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். இளம் டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நர்ஸைக் கூப்பிட்டு பாட்டிலை மாற்றச் சொன்னார். பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தார். இரவு ஒன்றரை மணிக்கு அந்தப் பெண் டாக்டர் போனை எடுத்தார்.

இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடம் ஆறும்போது சுருங்கிவிட்டது. பைபாஸுக்குப் பிறகு சிலருக்கு வருவதுதானாம். இரண்டு நாள் கழித்து எண்டோஸ்கோபி வழியாகச் சின்ன பலூனை உள்ளே விட்டு விரித்தார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. முதல் முறை விரித்த அன்று மாலையே தண்ணீர் இறங்கியது. அந்த வாரத்தில் மறுபடி விமானம் ஏறி அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் போவது என்னால் நடக்கிற காரியமே இல்லை.

மற்றதெல்லாம் பொறுமையான வேலை. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, ஒன்பதாம் மாதம் திரும்ப முளைத்தது. பதினான்கு மாதத்தில் எடை 79 கிலோவுக்கு வந்தது. சி-பேப்பை எடுத்து வைத்தாயிற்று. சர்க்கரைக்கு இப்போது மாத்திரை இல்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. போன தடவை இரும்புச்சத்து சேமிப்பு குறைந்திருந்தது. மாத்திரை போதாது, ஊசி வழியாக ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறேன். அந்த உறை இன்னும் கைப்பையின் உள் ஜிப்பில்தான் இருக்கிறது.