ஒரு மணி நேரம் கரண்ட் போனால் போதும்

கோவையை அடுத்த சோமனூர் பக்கத்து விசைத்தறி ஊர்களில் இரண்டு ஆண்டுகள் படிவம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். குழந்தைகள் தங்கள் நல்வாழ்வைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுகிற வேலை. முதல் நாளே அந்தச் சொல்லில் இடறினேன். ஐந்தாம் வகுப்பில் போய் "நல்வாழ்வு என்றால் என்ன?" என்றேன். முன்வரிசைப் பையன் யோசிக்கவே இல்லை, "ஊசி" என்றான். அரசு ஆஸ்பத்திரிப் பலகையில் மக்கள் நல்வாழ்வுத் துறை என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தவன் போலிருக்கிறது. 'திருப்தி'க்குத் தாவினேன். ஒரு பெண், "திருப்பதியா அக்கா? போன வருஷம் மொட்டை போட்டோம்" என்றாள்.

பிள்ளை நலமா என்று பார்க்க எடை, உயரம், தடுப்பூசி, பள்ளி வருகை ஆகியவற்றை எண்ணினால் போதும் என்றுதான் பெரியவர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. 8, 10, 12 வயதுப் பிள்ளைகளிடம் நேராகவே கேட்கும் ஆய்வுகளும் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எங்கள் படிவம் அந்த வகையறாவுக்குத் தூரத்துச் சொந்தம். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள் அச்சடித்த ஒரு பக்கம் அதில் இருந்தது. வகுப்பில் அத்தனை பேரும் சிரித்த முகத்தையே வட்டமிட்டார்கள். டீச்சர் என் பக்கத்தில் நின்றிருந்தார், கையில் ஸ்கேலோடு.

மறுநாள் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். "எப்போது நன்றாக இருக்கும்?" அவ்வளவுதான் கேள்வி. சைக்கிளும் புதுச்சட்டையும் வந்தன, வராமல் இருக்குமா? அம்முச்சி ஊர், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் ஊர், வந்தது. மாரியம்மன் நோம்பிக்கு, திருவிழாவுக்கு, கம்பம் நட்ட பிறகு ராத்திரி ஆடுவது வந்தது. ஒருவன், அப்பா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தான். வேறு எப்படிக் கூப்பிடுவார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கடைசித் தாளில் ஒரே வரி: "கரண்ட் போனால்."

எழுதியவளை எனக்குத் தெரியும். எப்போதும் கத்திப் பேசுகிறாள், அடக்கமில்லை என்று டீச்சர் முதல் நாளே புகார் சொன்ன பெண். வயது ஒன்பது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். தறிக்குடோனை ஒட்டி, முதலாளி கொடுத்த இரண்டு அறை வீடு. உள்ளே சாதாத் தறிகள். ஊடுநூலைக் கொண்டு போகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு ஓடுகிற சத்தத்தில் சுவரில் கை வைத்தாலே அதிர்கிறது. பகல் ஷிப்ட் அம்மாவுக்கு, இரவு ஷிப்ட் அப்பாவுக்கு. அடக்கமில்லாமல் கத்துகிறாள் என்றார்களே, அந்த வீட்டில் கத்தாமல் சோறு கேட்க முடியாது.

வாசலில் உட்கார்ந்து விவரம் கேட்டேன். கரண்ட் போனால் தறி நின்றுவிடும், அம்மா வெளியே வந்து உட்காருவார், அப்பாவும் எழுந்து வருவார், பேசுவார்கள் என்றாள். சரி, நாள் முழுக்கப் போனால் இன்னும் நன்றாக இருக்குமா? என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வேண்டாம் அக்கா. நெய்த துணிக்கு மீட்டர் கணக்குத்தானே கூலி? ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அம்மா பேசாமல் உட்கார்ந்திருப்பாள்."

பெரியவர்களின் கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் படிவங்கள் தயாரிக்கிறோம். இவள் கூலியையும் அம்மாவின் முகத்தையும் சேர்த்து வைத்துத் தன் சந்தோஷத்துக்கு அளவு போட்டிருந்தாள். அலுவலகத்தில் அந்த வரியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தகராறு. எங்கள் பட்டியலில் மின்வெட்டு 'வசதிக் குறைபாடு'. மேற்பார்வையாளர் 'பொருந்தாத பதில்' என்று குறித்து முடித்துவிட்டார். ஓரத்தில் பென்சிலால் அந்த ஒரு மணி நேரத்தை எழுதி வைத்தேன். கணினியில் ஏற்றியவருக்குப் பென்சில் எழுத்து கணக்கில்லை.

அன்று நான் கிளம்புவதற்குள் உண்மையிலேயே கரண்ட் போனது. காதுக்குள் எதையோ பிடுங்கியெடுத்தது போலிருந்தது. தலையெல்லாம் பஞ்சாக அம்மா வெளியே வந்தார். "உட்காருங்கள் அம்மணி, எழுந்திருக்காதீர்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியில் சாய்ந்தார். அப்பா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொம்போடு வந்தார். மகள் பின்னால் போய் நின்று அம்மாவின் முடியிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தபடி, பள்ளியில் எவனோ பல்லியைப் பிடித்த கதையைச் சொன்னாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பல்லி டீச்சர் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அம்மா எழுந்து உள்ளே போனார். அவள் கதையை நிறுத்தவில்லை. உதடு மட்டும் அசைவது தெரிந்தது.