நீலமா, ஊதாவா?

ஜனவரி 9, வெள்ளி

இரவுச் சாப்பாடு முடிந்ததும், பனியில் சறுக்கும் ஸ்கிப் பலகைக்கு மெழுகு பூச நிலவறைக்கு இறங்கினேன். மெழுகு மணத்துக்கு அங்கே யாரும் முறைப்பாடு சொல்வதில்லை. முதல் வேலை, பலகையின் முன்னுக்கும் பின்னுக்கும் வழுக்குமெழுகு. உடுப்புக்குப் போடும் அயன் இதற்குச் சரிவராது. சூடு ஏறி இறங்கும், ஆவித் துளைகளுக்குள் மெழுகு போய் அடைத்துவிடும். ஸ்கி அயனை 120 பாகையில் வைத்து, கட்டியை அதில் தொட்டுச் சொட்டாக விட்டு, நிற்பாட்டாமல் இழுக்கவேண்டும். புகைந்தால் சூடு கூடிவிட்டது. ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கத்துப் பொலிஎத்திலீன் கெட்டுப்போகும்.

குதிக்கால் படும் இடத்திலிருந்து முன்னே கொஞ்சத் தூரம் இது படவே கூடாது. அது பிடிமெழுகுக்கு, ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்காமல் பிடிப்பது அதுதான்.

ஜனவரி 10, சனி

ஆறியதைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன்.

"இவ்வளவு பூசிப்போட்டு ஏனப்பா முழுக்கச் சுரண்டுறீங்கள்?" என்றாள் மகள்.

"மேலே நிக்கிறது இழுக்கும் பிள்ளை. உள்ளே இறங்கினதுதான் வழுக்கும்."

பிறகு நைலோன் தூரிகை, தலையிலிருந்து வால்பக்கம் மட்டும். பெட்டியில் கிடந்த பழைய ஃபுளோரின் மெழுகை ஆபத்துக் கழிவோடு கொடுக்க எடுத்து வைத்தேன். 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் போட்டிகளிலேயே அதைத் தடைசெய்துவிட்டது. மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடக்கும் சாமானை ஞாயிற்றுக்கிழமை உலாவுக்குப் பூசுவது எனக்கு எப்போதுமே வீண் பகட்டாகத்தான் பட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

குரூருட்டில் எங்கள் யன்னலில் மைனஸ் 9. பிடிமெழுகுக்கு நிறம்தான் கணக்கு: கடுங்குளிருக்குக் கடினமான பச்சை, அடுத்து நீலம், பூச்சியத்தை நெருங்கினால் இளகிய ஊதா. இது பச்சை பூசச் சொல்லும் குளிர். ஆனால் ஒஸ்லோவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி நிற்கும் நாட்கள் உண்டு. மேலே, நாங்கள் சறுக்கப் போகும் மலைப்பகுதியான புரொக்னர்சேத்தரனில் மைனஸ் 4 தான். வீட்டு வெப்பமானியை நம்பிப் பூசுபவர்களைத்தான் ஏற்றங்களில் பின்னுக்கு வழுக்கக் காணலாம். புதுச் சினோ (இங்கே பனிக்கு நாங்கள் சொல்லும் பெயர்), ஆகவே நீலம். மெல்லிசாகப் பூசி, தக்கையால் தேய்த்து, அதன்மேல் இன்னொன்று. காலை ஊன்றும்போது சினோவின் முனைகள் மெழுகுக்குள் குத்திப் பிடிக்கவேண்டும், பாரம் எடுத்ததும் விடவேண்டும். இளகிய மெழுகென்றால் பிடித்தது விடாது, அடியில் கட்டியாக ஒட்டும். கடினத்தின்மேல் இளகியதைப் பூசலாம், மறுவளமாக நிற்காது. அதனால் சட்டைப்பையில் ஊதாவும் வந்தது. தேவைப்படவில்லை.

ஜனவரி 17, சனி

பூச்சியப் பாகை, ஈரச் சினோ. போகவில்லை.

கீழ்வீட்டுத் தம்பி, பிடிமெழுகுக்குப் பதிலாக அடியில் ரோமப்பட்டி ஒட்டிய ஸ்கி வாங்கியிருக்கிறார். "அண்ணை, இனி உந்தத் தக்கையை எறியுங்கோ," என்கிறார். இப்படியான நாளில் அவர் பக்கம்தான் நியாயம். மைனஸ் 5இல் நல்ல நீலம் பூசிய பலகையின் ஓட்டம் அதற்கு வராது என்பதையும் அவரிடம் சொன்னேன்.

ஜனவரி 20, செவ்வாய்

உருகி மறுபடி உறைந்து, பாதை முழுக்கப் பளிங்கு. கட்டிமெழுகு இதில் உராய்ந்து போய்விடும், குழாயில் வரும் பசைமாதிரியான பிடிமெழுகு, கிளிஸ்டர்தான். பலாப்பால் மாதிரி, கையில் பட்டால் சமையல் எண்ணெய் போட்டுத்தான் கழற்றவேண்டும். குழாயைச் சூடாக்கினால்தான் பரவும். பூசியபின் வெளியே வைத்து ஆறவிட்டுத்தான் சினோவில் இறக்கலாம்.

"அது வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்கிறார் மனைவி. பல்கனியில் மைனஸ் 6. மகளின் தலைமயிர் காயவைக்கும் மெசினுக்கு நீளமான வயர் ஒன்று தேடுகிறேன்.