ஊரைப் பார்த்து எழுதிய காவல் வகை

2025 ஜூலை 8, செவ்வாய்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துப் பெண்ணை இன்று சிறையில் சந்தித்தேன். பிடிக்கத் தடையுள்ள கடல் உயிரினமான கடல் அட்டையை இலங்கைக்குக் கடத்தப் பதுக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. அதன் உண்மையை நீதிமன்றம் விசாரிக்கட்டும். விசாரணைக் கைதியான அவரை 'உயர் பாதுகாப்பு' வகையில் சேர்த்துத் தனியறையில் பூட்டியிருப்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. உத்தரவின் நகலைக் கேட்டால் தரவில்லை; பதிவேட்டில் மட்டும், 'கடலோர ஊர், படகில் இலங்கைக்குத் தப்பக்கூடும்' என்று ஒரு வரி இருக்கிறது. கடற்பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிக்கொள்ளும் விரல்கள் அவருடையவை. அவற்றின் தழும்புகளைத் தடவியபடியே, "மத்த பொம்பளைகளோட இருக்க விட்டாப் போதும்க்கா" என்றார்.

ஜூலை 10, வியாழன்

வகையை மாற்றக் கோரிச் சிறை நிர்வாகத்துக்கான மனுவை எழுதி முடித்தேன். சிறைவாசியானாலும் பெண்ணானாலும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இவருக்கோ இரு வகையிலும் அந்த உரிமை இருக்கிறது.

சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், தனிமைச் சிறையைச் சிறை நிர்வாகம் தன் விருப்பப்படி சுமத்த முடியாது என்றது. பத்ரா சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தண்டனையாகத் தனியறையில் அடைப்பதானால் அமர்வு நீதிபதியின் பரிசீலனை வேண்டும் என்றும், அவசரமென்றால் 2 நாட்களுக்குள் அந்த நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. 'இது தண்டனையல்ல, பாதுகாப்பு' என்பார்கள். பெயரை எப்படி மாற்றினாலும் பூட்டு அதே பூட்டுதான்.

2024 அக்டோபர் 3 அன்று சிறைப் பதிவேடுகளின் சாதிப் பத்தியை நீக்கச் சொன்ன அதே நீதிமன்றத்தின் தீர்ப்பையும் இணைத்திருக்கிறேன். பிறந்த சாதியை வைத்து ஒருவரை வகைப்படுத்தக் கூடாதென்றால், பிறந்த கடற்கரையை வைத்து மட்டும் எப்படி வகைப்படுத்தலாம்? தப்ப முயன்றாரா, மிரட்டினாரா, சிறை விதியை மீறினாரா என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை வாழும் பெண்கள் அனைவரும் இந்த அளவுகோலின்படி தப்பியோடக்கூடியவர்களே.

ஜூலை 22, செவ்வாய்

'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று சிறை நிர்வாகத்திடமிருந்து பதில் வந்திருக்கிறது. காரணமும் இல்லை, நாளும் இல்லை. எனவே, உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுக வழிவிடும் அரசமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்கிறோம். எழுத்தில் காரணம், அவர் தரப்பைக் கேட்டபின் புதிய முடிவு, மறுஆய்வுக்கு ஒரு தேதி, அதுவரை பொதுப் பெண்கள் பகுதியில் இடம் ஆகியவற்றைக் கோருகிறோம். வக்காலத்தில் அவர் இட்ட கையெழுத்துக்குச் சிறை அலுவலர் இன்று சான்றொப்பம் இட்டுவிட்டார். வியாழனன்று தாக்கல் செய்கிறேன்.