முலாம்பழம் வாங்க வந்தவர்

போன வருஷம் மகனைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தோம். டல்லாஸ் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. வீட்டுக்காரி தயிர் தேடிப் போய்விட்டாள், நான் பழங்கள் பக்கம் நின்றிருந்தேன். எதிரே ஒருவர் முலாம்பழத்தைக் காதோரம் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார், நம்ம சந்தையில் தட்டுவது மாதிரியே. தள்ளுவண்டியில் ஒரு சின்னக் குழந்தை. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, இடுப்பில் தோல் உறைக்குள் கைத்துப்பாக்கி.

எனக்குக் கால் நகரவில்லை. “அப்பச்சி, அப்படிப் பாக்காதீங்க. இங்க அது சட்டப்படி சரிதான்” என்று மகன் கையைப் பிடித்து இழுத்தான். அந்த மனுஷர் வண்டியை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டுச் சிரித்தார். நல்லவர்தான் போலிருக்கிறது. ஆனால் இன்றைக்கு யோசித்தால் அவர் முகம் ஞாபகம் வரவில்லை. உறையின் பித்தளைப் பொத்தான் மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

ராத்திரி மகன் விவரம் சொன்னான். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே 21 வயசு ஆன பெரும்பாலோருக்கு இதற்கு லைசென்ஸே வேண்டாமாம். வெளியே தெரிகிறபடி வைத்தால் உறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லைசென்ஸ் உள்ளவரும் அப்படி வெளியே தெரியக் கொண்டுவரக் கூடாது என்று நினைக்கும் கடைக்காரர், 30.07 என்ற சட்டப்பிரிவுப்படி வாசலில் பலகை வைக்கலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். எல் பாசோ ஊர் வால்மார்ட்டில் 2019 ஆகஸ்டில் ஒருவன் சுட்டதில் 23 பேர் செத்தார்கள். அடுத்த மாசமே அந்த நிறுவனம், சட்டம் இடம் கொடுக்கிற ஊர்களிலும் துப்பாக்கியை வெளியே தெரியக் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. தடை போடவில்லை, கேட்டுக்கொண்டது. அந்தச் சொல்லில் உள்ள சங்கடம் கடைக்காரனுக்குத்தான் புரியும்.

எனக்குப் புரிந்தது. காரைக்குடியில் எனக்குப் பாத்திரக்கடை. ஒருநாள் ஒருவர் திருப்பாச்சேத்தியில் புது அரிவாள் வாங்கிக்கொண்டு, அதைச் சுற்றாமல் கொள்ளாமல் கையிலேயே பிடித்தபடி உள்ளே வந்தார். தூக்குவாளி வேண்டுமாம். மூடி இறுக்கமா என்று பார்க்க இரண்டு கை வேண்டுமே, அரிவாளைக் கல்லாமேசையில் வைத்தார். பில் போடுகிற பிள்ளை எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. குடம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

“அண்ணே, ஒரு சாக்குல சுத்திக் கொண்டாரலாம்ல?”

“நான் என்ன யாரையும் வெட்டவா வந்தேன்?”

வெட்ட வரவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அது அவருக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கோபித்துக்கொண்டு வாளி வாங்காமலே போய்விட்டார். எனக்கு மூன்று வியாபாரம் போச்சு.

எங்கள் ஐயாவிடம் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, லைசென்ஸோடு. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இப்போதும் அந்த வழக்கம் உண்டு. பொது இடத்தில் துப்பாக்கியை முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்று 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் சொல்கின்றன. ஐயா அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே கான்வாஸ் உறையில் போட்டு, அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றிவிடுவார். பார்க்கிறவர்களுக்குக் குடைக்கம்பி மாதிரி இருக்கும்.

ஒருதரம் அப்படி ஒப்படைக்கப் போகும்போது என்னையும் காரில் கூட்டிப்போனார். வழியில் வெற்றிலைக்கடை முன்னால் நிறுத்தி, காசை என் கையில் திணித்தார்.

“நீங்க இறங்கலையா ஐயா?”

“இதோட நான் கடையேறுனா, அவன் பயத்துல சில்லறையைக் கூடுதலா எண்ணிக் குடுத்துருவான். நீ போ.”

வாங்கி வந்து கொடுத்தேன். வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு மீதிச் சில்லறையை ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.