கண்டிகோட்டையில் ஒரு பகல்

டிசம்பர் 20, வெள்ளி. சித்தூர்

நாளை கண்டிகோட்டைக்குப் போகிறோம். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் பழைய கோட்டை. தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பேசியிருக்கிறோம். இரவு மூன்று மணிக்கே கிளம்பியாக வேண்டும். புளிசாதம் கட்டியாகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி இருந்தும் வருகிறேன் என்று நிற்கிறார்.

டிசம்பர் 21, சனி. திரும்பும் வழியில்

கடப்பாவைத் தாண்டியதும் மண்ணின் நிறமே மாறிவிட்டது. முள்மரம், பொட்டல், ஆங்காங்கே சிமென்ட் ஆலைப் புகை. சாலையோரம் கடப்பாக்கல் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். “நம் வீட்டு அடுப்பு மேடை இங்கிருந்துதான் வந்ததா?” என்று அத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

ஜம்மலமடுகைக் கடந்து கோட்டை வாசலில் வழிகாட்டித் தம்பி காத்திருந்தார். கோட்டைக்குள் இன்றும் குடியிருக்கும் ஊர்க்காரர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். எல்லாரையும் போல எங்களையும் நேரே பள்ளத்தாக்குக்குத்தான் கூட்டிப்போனார்.

எர்ரமலையைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகிறது. இரு கரையிலும் செம்பாறைச் சுவர்கள். குறுக்கும் நெடுக்கும் வெடித்திருப்பதால், கொத்தனார் கட்டிவைத்த கல் போலவே தெரிகின்றன. நாங்கள் நின்ற இடத்தில் கம்பி வேலி கிடையாது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. “ஓரத்துக்குப் போகாதீர்கள் அம்மா, உட்கார்ந்து பாருங்கள்” என்றார் தம்பி. உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஆழம் உறைத்தது. இந்தப் பக்கம் ஆறே அகழி. எந்தப் படை ஏறி வரும்?

படம் எடுத்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கோட்டைக்கு அரை மணி போதும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. விஜயநகரத்துக்கு அடங்கிய பெம்மசானி நாயக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்ட ஊர் இது. சந்தையும் குளமும் கோயிலும் மசூதியுமாக மனிதர்கள் வாழ்ந்த இடத்தை அரை மணியில் எப்படிப் பார்ப்பது? அத்தையும் என் பக்கம் நின்றார். தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் ஊரைக் கேட்டுப் பார்க்க ஆள் கிடைத்த சிரிப்பு.

மாதவராயர் கோயில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. கருவறையில் மூர்த்தி இல்லை. அத்தை வெறும் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜும்மா மசூதி அருகிலேயே இருக்கிறது.

என்னை நிறுத்தியது தானியக் களஞ்சியம்தான். கனத்த சுவர், வளைந்த கூரை. உள்ளே குளிர்ந்திருந்தது, வௌவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சுண்ணாம்புப் பூச்சு உரிந்த இடத்தில் கல் தெரிந்தது, உரியாத இடம் இன்னும் கைக்கு வழவழப்பாக இருந்தது. மழை பொய்க்கும் சீமையில் எதிரி முற்றுகையிட்டால் இந்த அறை நிறைந்திருக்கும் வரைதான் ஊருக்கு உயிர். பீரங்கி மேடையைவிட இதைத்தான் கோட்டையின் நெஞ்சு என்பேன். சுற்றுலாக்காரர்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

உடம்பு அலுப்பு. அத்தைக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

தம்பி சொன்ன பிரெஞ்சு வைர வியாபாரியைத் தேடிப் படித்தேன். தவேர்னியே, 1652-ல் கண்டிகோட்டைக்கு வந்தவர். கோல்கொண்டாவின் படைத்தலைவர் மீர் ஜும்லா நாயக்கர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்து அங்கே இருந்த காலம். ரத்தினங்களை அவரிடம் காட்டத்தான் வியாபாரி மலையேறியிருக்கிறார். கோயில்களின் செப்புச் சிலைகளை உருக்கி அங்கே பீரங்கி வார்க்க மீர் ஜும்லா ஒரு பிரெஞ்சுக்காரரை வைத்திருந்ததையும் தவேர்னியே எழுதியிருக்கிறார். படித்ததும் அத்தை தொட்ட அந்த வாசற்படி நினைவுக்கு வந்து மனம் கனத்தது.

மாலையில் அத்தை கேட்டார்: “ரங்கநாதர் கோயிலைச் சரியாகப் பார்க்கவில்லையே, மறுபடி எப்போது?” கோடைக்கு முன் ஒரு இரவு அங்கே தங்குவதாகப் பேசியிருக்கிறோம். தம்பியிடமும் சொல்லிவிட்டேன்: முதலில் ஊர், பிறகுதான் பள்ளத்தாக்கு.