உப்பளத்தில் சுழன்ற பறவை

குமரி மாவட்டத்து நீர்நிலைகளில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுப்பது என் பணி. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு, பறவை பார்க்க வருகிறவர்களின் கவனம் அந்தக் குளங்களின் பக்கமே சாய்ந்துவிட்டது. அரிய கரைப்பறவைகளைத் தேடுகிறவர்கள் மணக்குடிக் காயலையும் அதைச் சுற்றியுள்ள உப்பளங்களையும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. உப்பு மிகுந்த பாத்திகளில் மீன்கள் பிழைப்பதில்லை. போட்டிக்கு ஆளில்லாத அந்த நீரில் உப்பு ஈக்களின் புழுக்கள் கரைப்பறவைகளுக்கு இரையாக மண்டிக் கிடக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், வரப்பைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை அழைத்தார். "ஒரு குருவி மழை விட்டதுலேர்ந்து ஒரே எடத்துல கெடந்து கறங்குது சார். அடிபட்டிருக்குமோ என்னமோ" என்றார். தண்ணீரில் மிதந்தபடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது ஒரு சிறு பறவை. சில சுற்றுகளுக்கு ஒருமுறை நீர்ப்பரப்பைக் கொத்தியது. அது காயமில்லை, இரை தேடும் முறை. செங்கழுத்து ஃபலரோப் என்னும் இந்தப் பறவை சுழலும்போது அடிநீர் மேலெழுந்து, அதிலுள்ள சிற்றுயிர்கள் அலகுக்கு எட்டும் உயரத்திற்கு வந்துவிடுகின்றன. ஆர்க்டிக் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் இந்தப் பறவை குளிர்காலத்தை அரபிக்கடலில் மிதந்தே கழிக்கும். கரைக்கு வருவது அரிது.

சுழல்வதைப் பார்த்ததும் பெயர் மனதில் வந்துவிட்டது. என்றாலும் வழிகாட்டி நூலைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நூலைத் திறந்துவிட்டால் அதிலிருக்கும் அடையாளங்களையே பறவையின் மீதும் பார்க்கத் தொடங்கிவிடுவோம். முதலில் கண்ணில் பட்டதை எழுதினேன்: கண்ணை ஒட்டிப் பின்னோக்கி இறங்கிய கரும்பட்டை, குளிர்காலத்துக்குரிய வெள்ளைக் கழுத்து, சாம்பல் முதுகில் நீளவாக்கில் வெண்கோடுகள், தையல் ஊசிபோல் மெலிந்த கறுத்த அலகு.

அடுத்து, அது வேறெதுவாக இருக்க முடியாது என்பதை எழுத வேண்டும். என் பார்வையில் ஒரு பதிவின் பெரும்பகுதி வேலை இங்கேதான் இருக்கிறது. பக்கத்துப் பாத்தியில் மேய்ந்த சதுப்பு உள்ளானுக்கும் அலகு மெல்லியதுதான், அதுவும் எப்போதாவது நீந்தும். ஆனால் அதன் உடல் பெரியது, நீண்ட பச்சைநிறக் கால்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கொசு உள்ளானுக்கு இந்தக் கண்பட்டை கிடையாது. உண்மையில் கவனம் தேவைப்பட்டது சாம்பல் ஃபலரோப்பிடம்தான். குளிர்கால உடையில் இரண்டுக்கும் கரும்பட்டை உண்டு. ஆனால் சாம்பல் ஃபலரோப்பின் அலகு தடித்தது, முதுகு பெரும்பாலும் கோடின்றி வெளிறியிருக்கும். வெயில் ஏறினால் உப்பளத்தில் கானல் எழுந்து அலகின் தடிமனை மறைத்துவிடும். ஆகவே தொலைநோக்கியில் அலகையும் முதுகையும் அதற்குள் பார்த்து முடித்தேன்.

மேலதிகாரி ஒருவருக்கு இதெல்லாம் நேர விரயமாகத் தோன்றியது. "போட்டோ இருக்கே, அது போதாதா?" என்றார். படம் வேண்டும்தான். ஆனால் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் முதுகுக் கோடுகள் கலங்கிப்போனால், அந்த நேரத்தில் எழுதிய குறிப்பைத் தவிர வேறு சான்று இருக்காது. நல்ல படத்துக்காக நெருங்கிப் பறவையைக் கலைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் எடையுள்ள உயிருக்கு இரை தேடும் நேரம் ஆடம்பரமல்ல.

கணக்கெடுப்புப் படிவத்தில் பாலினம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். இனப்பெருக்கக் காலத்தில் இவற்றில் பெண் பறவைதான் பளிச்சென்றிருக்கும், ஆண் அடைகாக்கும். குளிர்காலத்தில் நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. மழை விட்டதிலிருந்து அது அங்கேயே இருந்தது என்ற தகவலை என் கணக்கில் சேர்க்காமல், உப்பளத் தொழிலாளர் கூறியது என்று தனியாகக் குறித்தேன். பாத்தியின் நீர்மட்டத்தையும் எழுதிவைத்தேன். பின்னர் அந்த நீர் வற்றிப் பாத்தியில் உப்பு படியத் தொடங்கியபோது பறவை அங்கில்லை. அதையும் நாளிட்டு எழுதினேன். கடலுக்குத் திரும்பியிருக்கும் என்ற என் ஊகத்தைப் படிவத்தில் சேர்க்கவில்லை.